ஜப்பானிய நிகழ்த்துகலைகள் – 6: கெய்ஷா, கலையால் வாழும் பெண்கள்

ஆடல், பாடல், ஷாமிசென் என்ற நரம்புக் கருவியின் வாசிப்பு, தேநீர்ச் சடங்கு, நயமான உரையாடல் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் முறையாகக் கற்று, விருந்துகளிலும் மேடையிலும் நிகழ்த்துவதையே தொழிலாகக் கொண்டவர் கெய்ஷா. பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்து ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஆகின்றன. கியோட்டோ நகரில் இவர்களைக் கெய்க்கோ என்று அழைப்பார்கள். அங்கே பயிற்சிப் பருவத்தில் இருக்கும், பெரும்பாலும் 15 முதல் 20 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு மாய்க்கோ என்று பெயர். டோக்கியோவிலும் வேறு பல ஊர்களிலும் கெய்ஷா என்ற பெயரே வழக்கில் இருக்கிறது.

ஜப்பானுக்கு வெளியே இந்தப் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது கலை அல்ல, பாலியல் தொழில். அந்த எண்ணம் தவறு. ஆனால் அது காரணமே இல்லாமல் முளைத்ததும் அல்ல. கெய்ஷாக்கள் தோன்றிய இடம், அவர்களைக் கட்டிப்போட்ட கடன் முறை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய குழப்பம், வெளிநாட்டு நாவல்களும் படங்களும் என நான்கும் சேர்ந்து வளர்த்த எண்ணம் அது. கெய்ஷாவைச் சரியாகப் புரிந்துகொள்ள அவர்களின் கலையையும் பார்க்க வேண்டும். அந்தக் கலையின் பெயரால் ஒரு காலத்தில் சிறுமிகள் பட்ட துன்பத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் சொன்னால் அதுவும் பாதி உண்மைதான்.

முதல் கெய்ஷாக்கள் ஆண்கள்

எடோ காலத்தில் (1603–1868) தோகுகவா ஆட்சியாளர்கள் விலைமகளிர் தொழிலைத் தனிப் பேட்டைகளுக்குள் அடைத்துவைத்தார்கள். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், யோஷிவாரா பேட்டைக்கு 1617-ல் அரசு அனுமதி கிடைத்தது. 1657-ல் நகரத்தையே விழுங்கிய பெருந்தீக்குப் பிறகு அது அசகுசாவுக்கு வடக்கே இடம் மாறியது. கியோட்டோவில் ஷிமபாரா என்ற பேட்டை இருந்தது. பணம் படைத்த வணிகர்களும் சாமுராய்களும் இங்கே கூடி உண்டார்கள், குடித்தார்கள், இசை கேட்டார்கள். விருந்தில் பாடியும், மேளம் தட்டியும், வேடிக்கைக் கதைகள் சொல்லியும் கூட்டத்தைச் சிரிக்கவைத்தவர்கள் ஆண்கள். முதன்முதலில் கெய்ஷா என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்களே. தைகோமோச்சி, ஹோகன் என்பன அவர்களுக்கு வழங்கிய வேறு பெயர்கள்.

1750 வாக்கில் பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். எடோவின் ஃபுககவா பகுதியில் ஷாமிசென் வாசிப்பிலும் பாட்டிலும் பெயர் வாங்கிய கிகுயா என்ற பெண்தான் தன்னைக் கெய்ஷா என்று சொல்லிக்கொண்ட முதல் பெண் என்று கூறப்படுகிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1800-க்குள் பெண் கெய்ஷாக்களே பெரும்பான்மையாகிவிட்டார்கள். ஆண் கெய்ஷாக்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள்.

ஓய்ரான் வேறு, கெய்ஷா வேறு

யோஷிவாராவின் உயர்நிலை விலைமகளிருக்கு ஓய்ரான் என்று பெயர். பெண் கெய்ஷாக்கள் பெருகியபோது, தங்கள் வாடிக்கையாளர்களை இவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்று விடுதி உரிமையாளர்கள் அஞ்சினார்கள். அதனால் 1779-ல் யோஷிவாராவில் கென்பன் என்ற பதிவு அலுவலகம் அமைந்தது. கெய்ஷாக்கள் அங்கே பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடிந்தது. விருந்தினருடன் பாலுறவு கூடாது, பகட்டான கிமோனோ உடுத்தக் கூடாது, கொண்டையில் ஊசிகளை அடுக்கிக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. இரு தொழில்களுக்கும் இடையே எழுதப்பட்ட எல்லைக்கோடு அப்போதே போடப்பட்டுவிட்டது. நடைமுறையில் அந்தக் கோடு பலமுறை மீறப்பட்டது. ஆனாலும் கெய்ஷா விற்பது கலையை என்ற கொள்கை இந்தக் காலத்தில்தான் நிலைபெற்றது.

கட்டுப்பாடுகளே கெய்ஷாக்களின் அழகுணர்வையும் வடித்தன. ஓய்ரானின் தலையில் பெரிய ஊசிகள் கதிர்போல் விரிந்து நிற்கும். இடுப்பில் சுற்றும் ஓபி என்ற அகலத் துணியை அவர் முன்பக்கம் முடிந்திருப்பார். கெய்ஷாவின் ஓபி முதுகுப் பக்கம் கட்டப்படும்; அலங்காரம் அடக்கமாக இருக்கும். அடக்கத்தில் மிளிரும் அந்த நேர்த்தியை எடோ நகரத்தார் இகி என்று போற்றினார்கள். இன்று ஜப்பானில் சில ஊர்த் திருவிழாக்களில் ஓய்ரான் வேடத்தில் ஊர்வலம் நடக்கிறது. அந்தப் படங்கள் கெய்ஷா என்ற தலைப்பில் உலகெங்கும் பரவுகின்றன. ஓபியின் முடிச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே பிழை விளங்கிவிடும்.

புதிய ஜப்பானில் கெய்ஷா

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோகுகவா ஷோகுன் ஆட்சியை எதிர்த்தவர்கள் கியோட்டோவின் தேநீர் விடுதிகளில் கூடித் திட்டம் தீட்டினார்கள். அவர்களில் ஒருவரான கிடோ தகாயோஷியை எதிரிகள் தேடி அலைந்தபோது, அவர் உயிர் தப்ப இகுமாட்சு என்ற கெய்க்கோ துணை நின்றார். பின்னாளில், அந்த ஆட்சியை அகற்றி அமைந்த மெய்ஜி அரசின் முக்கியத் தலைவரானார் கிடோ. இகுமாட்சு அவருடைய மனைவியானார்.

1872-ல் இரண்டு முக்கிய நிகழ்வுகள் நடந்தன. முதலாவது ஒரு வழக்கு. சீனக் கூலிகளை ஏற்றிவந்த மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யோகஹாமா துறைமுகத்துக்கு வந்தது. ஜப்பானிய நீதிமன்றம் அந்தக் கூலிகளை விடுவித்தது. உங்கள் நாட்டிலேயே பெண்களைக் கடனுக்கு அடிமைப்படுத்தி வைத்திருக்கிறீர்களே என்று கப்பல் தலைவரின் தரப்பு வாதாடியது. அதே ஆண்டு, கெய்ஷாக்களையும் விலைமகளிரையும் கடன் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் ஆணையை அரசு வெளியிட்டது. ஆணை வந்தும் பழைய முறை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. இருந்தாலும், அதன் பின் இரு தொழிலுக்கும் தனித்தனி உரிமம் என்ற ஏற்பாடு வந்தது.

இரண்டாவது நிகழ்வு மேடை தொடர்பானது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு கியோட்டோ களையிழந்து கிடந்தது. நகரை மீட்டெடுக்க ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதையொட்டி கியோன் பகுதியின் கெய்க்கோக்களும் மாய்க்கோக்களும் பொதுமக்கள் முன் ஆட, மூன்றாம் இனோவே யாச்சியோ நடனம் அமைத்தார். இப்படிப் பிறந்ததுதான் மியாகோ ஒதோரி. போர்க்காலம், பெருந்தொற்று போன்ற இடைவெளிகள் தவிர, இன்றும் ஏப்ரல் மாதம் முழுக்க இது நடக்கிறது. மூடிய அறைக்குள் சில விருந்தினர் மட்டும் பார்த்த ஆட்டம் நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் பார்க்கும் கலையானது. பொன்தோச்சோ பகுதியின் கமோகவா ஒதோரியும் அதே 1872-ல் தொடங்கியது. டோக்கியோவின் ஷிம்பாஷி கெய்ஷாக்கள் 1925 முதல் அஸுமா ஒதோரி நடத்துகிறார்கள்.

கெய்ஷாவாக இருந்த கவகாமி சதயாக்கோ நடிகையாகி, 1899 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாடகம் நடத்தினார். 1900-ல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய நடிப்பு பெரும் பேச்சாக இருந்தது. புதுமைக்கு வழிகாட்டியவர்களாகவும் கெய்ஷாக்கள் அந்தக் காலத்தில் பார்க்கப்பட்டார்கள். 1920-களில் ஜப்பான் முழுவதும் சுமார் 80,000 பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள்.

மலர் வீதிகளும் பயிற்சியும்

கெய்ஷாக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் பகுதிக்கு ஹனமாச்சி, அதாவது மலர் வீதி, என்று பெயர். கியோட்டோவில் ஐந்து உள்ளன: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, பொன்தோச்சோ, மியாகவாச்சோ, கமிஷிச்சிகென். கித்தானோ கோயிலைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய மரத்தைக் கொண்டு கட்டிய ஏழு தேநீர்க் கடைகளிலிருந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் கமிஷிச்சிகென்தான் இவற்றுள் மிகப் பழையது. டோக்கியோவில் ஷிம்பாஷி, அகசகா, அசகுசா, ககுரசகா முதலியவை பெயர்பெற்றவை. கனசவா நகரத்தின் ஹிகாஷி சாயா வீதியும் புகழ்வாய்ந்தது.

ஒரு ஹனமாச்சியில் இரு வகை இல்லங்கள் இருக்கும். மாய்க்கோக்கள் தங்கிப் பயிலும் வீடு ஒக்கியா. விருந்து நடக்கும் வீடு ஒச்சாயா. ஒக்கியாவை நடத்தும் பெண்மணியை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த கெய்க்கோவுக்கு அக்கா என்ற முறை.

நடுநிலைப் பள்ளியை முடித்த பெண், தன் விருப்பத்தின் பேரிலும் பெற்றோரின் ஒப்புதலோடும் ஒக்கியாவில் சேர்கிறாள். முதல் கட்டம் ஷிகோமி. சுமார் ஓராண்டு வீட்டு வேலைகளில் உதவிக்கொண்டே கியோட்டோவின் பேச்சு வழக்கையும், வணங்கும் முறையையும், ஆட்டத்தின் அடிப்படையையும் கற்றுக்கொள்வாள். அடுத்தது மினராய்: ஏறத்தாழ ஒரு மாதம் விருந்துகளில் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது. பிறகு மிசெதாஷி என்ற அரங்கேற்றம். அதற்கு முன் ஓர் அக்காவோடு சாக்கே மது பருகி உறவு பூணும் சடங்கு நடக்கும். அக்காவின் பெயரிலிருந்து ஒரு பகுதி தங்கையின் தொழிற்பெயரில் சேரும்.

உணவு, உடை, பாடக் கட்டணம் எல்லாவற்றையும் ஒக்கியாவே ஏற்கும். ஈடாக, ஐந்தாறு ஆண்டுகள் அந்த இல்லத்தின் பெயரில் உழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் கைச்செலவுக்குப் பணம் கிடைக்குமே தவிர சம்பளம் கிடையாது. தவணை முடிந்து கெய்க்கோ ஆன பிறகு தனி வீடு பார்த்து, சொந்தக் கிமோனோ வாங்கி, தன் வருமானத்தில் வாழலாம். பாடம் மட்டும் முடிவதில்லை. எழுபது எண்பது வயதுக் கெய்க்கோக்களும் ஆசிரியரிடம் போய்க் கற்கிறார்கள். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு நடனப் பள்ளி மரபு உண்டு. கியோன் கோபுவில் இனோவே மரபு மட்டுமே ஆடப்படும். அந்த மரபின் நான்காம் இனோவே யாச்சியோவை 1955-ல் ஜப்பான் அரசு வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது.

தோற்றம் சொல்லும் செய்தி

ஒரு மாய்க்கோ மாலை விருந்துக்குத் தயாராகும் முறை இது. உள்ளங்கையில் மெழுகை வைத்துத் தேய்த்து இளக்கி, முகம், கழுத்து, பிடரி, மேல் முதுகு எங்கும் பூசுகிறாள். நீரில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தட்டையான தூரிகையால் அதன் மேல் தீட்டி, பஞ்சால் ஒற்றிச் சீராக்குகிறாள். பிடரியில் மட்டும் இரண்டு கூரிய பட்டைகள் தோலின் நிறத்திலேயே விடப்படுகின்றன; மிக முக்கியமான விழாக்களில் மூன்று. பின்னோக்கிச் சரிந்த கிமோனோ கழுத்துப்பட்டைக்கு மேலே அவை பளிச்சென்று தெரியும். முதலாண்டு மாய்க்கோ கீழுதட்டில் மட்டும் சிவப்புத் தீட்டுவாள். பணிமூப்பு ஏறிய பிறகே மேலுதட்டுக்கும் நிறம். பார்த்த மாத்திரத்தில் அவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மாய்க்கோவின் கொண்டை அவளுடைய சொந்தக் கூந்தலில் இடப்பட்டது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் அதைக் கலைத்துத் தலைக்குக் குளிப்பார்கள். அது கலையாமல் இருக்க, கழுத்தைத் தாங்கும் உயரமான தலையணையில் உறங்க வேண்டும். கொண்டையில் செருகும் மலர் மாதந்தோறும் மாறும்: பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் கடுகுப் பூ வகை, ஏப்ரலில் செர்ரி, நவம்பரில் மேப்பிள் இலை. டிசம்பர் அணியில் வெறுமையான இரண்டு சின்னஞ்சிறு வெள்ளைப் பலகைகள் தொங்கும். மினாமி-சா அரங்கின் ஆண்டிறுதிக் கபுகி நாடகத்துக்குப் போகும் மாய்க்கோ, தனக்குப் பிடித்த நடிகர்களிடம் அவற்றில் கையெழுத்து வாங்கிக்கொள்வாள்.

ஓபி சுமார் ஐந்து மீட்டர் நீளம். அதன் இரு முனைகளும் முதுகில் கணுக்கால் வரை தொங்கும். கடைசியில் ஒக்கியாவின் முத்திரை நெய்யப்பட்டிருக்கும். இதை இறுக்கிக் கட்ட ஒதொகோஷி என்ற ஆண் தொழிலாளர் வருவார். இருபது வயதை ஒட்டி மாய்க்கோவின் சிவப்புப் பூவேலைக் கழுத்துப்பட்டை வெள்ளையாக மாறும். எரிகாயே எனும் அந்தச் சடங்கோடு அவள் கெய்க்கோ ஆகிறாள். கெய்க்கோவுக்குக் கைநீளம் குறைந்த கிமோனோ, அடக்கமான நிறம், சடங்குகளுக்குப் பொய்முடி. எப்போதும் வெள்ளை முகத்தோடு இருப்பவர் கெய்ஷா என்பதும் தவறான எண்ணமே. மூத்தவர்கள் பெரும்பாலும் இயல்பான ஒப்பனையோடும் சொந்தக் கூந்தலோடும்தான் வருவார்கள். தோற்றத்தின் பகட்டு வயதோடு குறையும், கலையின் மதிப்பு வயதோடு கூடும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு.

விருந்தில் நடப்பது என்ன?

ஒச்சாயாவில் முன்பின் தெரியாதவர் நேராகப் போய் அமர முடியாது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். விருந்துச் செலவு, வெளியிலிருந்து வரும் உணவு, போகும் வண்டி எல்லாவற்றையும் ஒச்சாயா முதலில் கொடுத்துவிட்டுப் பிறகே கணக்கு அனுப்பும். நம்பிக்கையின் மேல் ஓடும் வணிகம் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

முன்பு நேரத்தை அளக்க ஊதுபத்தி கொளுத்தினார்கள். எத்தனை பத்திகள் எரிந்தனவோ அத்தனைக்குக் கட்டணம். இன்று கடிகாரம் வந்துவிட்டது. விருந்தில் கெய்க்கோக்கள் சாக்கே ஊற்றுவார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். பிறகு தாச்சிகத்தா எனப்படும் ஆடுவோர் எழுந்து ஆட, ஜிகத்தா எனப்படும் மூத்தவர்கள் பாடி ஷாமிசென் வாசிப்பார்கள். கடைசியில் விளையாட்டுகள். தோரா தோரா என்ற ஆட்டத்தில் திரையின் இரு பக்கமும் நிற்பவர்கள் புலி, வீரன், கிழவி என்று ஏதாவது ஒன்றாக அபிநயித்து வெளிவர வேண்டும். வீரனிடம் புலி தோற்கும், புலியிடம் கிழவி தோற்பாள், தன் தாயான கிழவியிடம் வீரன் தோற்பான். கூச்சத்தோடு வந்த விருந்தினரும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இயல்பாக வரவழைப்பதும் கற்றுத் தேர்ந்த கலைதான்.

தவறான எண்ணங்கள் பரவிய வழி

1904-ல் மிலான் நகரில் அரங்கேறிய புச்சினியின் இசை நாடகம் மதாமா பட்டர்ஃபிளை, அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்காகக் காத்திருந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் முன்னாள் கெய்ஷாவைக் காட்டியது. பணிந்து போகும் கீழைத் தேயப் பெண் என்ற பிம்பம் மேற்கில் பதிய அது ஒரு காரணம்.

1944-ல் போர் உச்சத்தில் இருந்தபோது அரசு கெய்ஷா இல்லங்களை மூடியது. பெண்கள் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1945-ல் அமெரிக்கப் படை வந்திறங்கியது. வறுமையில் உடலை விற்க நேர்ந்த பெண்கள் பலர், படைவீரர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதால் தங்களைக் கெய்ஷா என்று சொல்லிக்கொண்டார்கள். வீரர்கள் அந்தத் தவறான எண்ணத்தோடு ஊர் திரும்பினார்கள்.

1997-ல் ஆர்தர் கோல்டன் எழுதிய மெமாயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா நாவல் பெருமளவில் விற்றது. 2005-ல் படமாகவும் வந்தது. நாவலில் ஓர் இளம் பெண்ணின் கன்னிமை ஏலம் விடப்படுகிறது. நூலுக்காகத் தகவல் தந்தவர்களில் ஒருவர், கியோன் கோபுவின் புகழ்பெற்ற முன்னாள் கெய்க்கோ இவசாகி மினெகோ. ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் பெயரை வெளியிட்டதற்காகவும், வாழ்க்கையைத் திரித்ததற்காகவும் 2001-ல் அவர் கோல்டன் மீது வழக்குத் தொடுத்தார். 2003-ல் நீதிமன்றத்துக்கு வெளியே அது முடிந்தது. இதற்கிடையே 2002-ல் தன் வரலாற்றைத் தானே எழுதி, அப்படி ஓர் ஏலம் தன் வாழ்வில் நடக்கவில்லை என்று மறுத்தார்.

மறைக்கக் கூடாத பக்கம்

தவறான எண்ணத்தை மறுக்கும் வேகத்தில் பழைய கொடுமைகளை மூடி மறைப்பதும் நியாயமல்ல. போருக்கு முன் ஏழைக் குடும்பங்கள் சிறுமிகளை முன்பணத்துக்கு ஒக்கியாவிடம் ஒப்படைத்தன. அந்தக் கடன் தீரும் வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. மிசுவாகே என்ற பெயரில், பணம் கொடுத்த ஆணுடன் முதல் உறவுக்குத் தள்ளப்பட்ட பெண்கள் இருந்தார்கள். தன்னா எனப்படும் செல்வந்தப் புரவலர் ஒரு கெய்ஷாவின் செலவுகளை ஏற்கும் வழக்கமும் இருந்தது. அதில் அன்பும் உண்டு, வேறு வழியற்ற நிலையும் உண்டு. வெந்நீர் ஊற்று ஊர்களின் நிலை இன்னும் மோசம். மசுதா சாயோ பன்னிரண்டு வயதில் சுவா என்ற ஊரின் கெய்ஷா இல்லத்துக்கு விற்கப்பட்டவர். அவர் 1957-ல் வெளியிட்ட தன்வரலாறு பசியும் அடியும் பட்டு வளர்ந்த வாழ்க்கையை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. இவசாகியின் அனுபவமும் உண்மை, மசுதாவின் அனுபவமும் உண்மை. காலமும் ஊரும் வேறு.

போருக்குப் பிந்தைய சட்டங்கள் இதை மாற்றின. கட்டாயக் கல்வியும் குழந்தைகள் நலச் சட்டமும் சிறுமிகளைச் சேர்ப்பதைத் தடுத்தன. 1956-ல் நிறைவேறிய விலைமகளிர் தொழில் தடுப்புச் சட்டம் 1958-ல் முழு அளவில் அமலானது. அப்போது விலைமகளிர் பேட்டைகள் மூடப்பட்டன; கலைத்தொழிலான ஹனமாச்சிகள் தொடர்ந்தன. எனினும் கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. 2022-ல் முன்னாள் மாய்க்கோ ஒருவர், சட்டப்படியான வயதை எட்டாத நிலையில் தன்னை மது அருந்தவைத்ததாகவும் தொல்லைக்கு ஆளானதாகவும் சமூக ஊடகத்தில் எழுதியது நாடு முழுவதும் விவாதமானது. பயிற்சிப் பருவத்தினருக்குத் தொழிலாளர் உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வி அதோடு எழுந்தது.

இன்று

ஒக்கியா, ஒச்சாயா இரண்டுக்கும் பெரும்பாலும் பெண்களே உரிமையாளர்கள். தாயிடமிருந்து மகளுக்கோ தத்தெடுத்த வாரிசுக்கோ சொத்துப் போகும். திருமணம் செய்துகொள்ளும் கெய்ஷா பொதுவாகத் தொழிலிலிருந்து விலகுவார். காதலிக்கவோ பிள்ளை பெறவோ தடையில்லை. அடங்கி ஒடுங்கிய பொம்மைப் பெண்கள் என்ற பிம்பத்துக்கும் இந்த வாழ்க்கைக்கும் தொடர்பு குறைவு. விருந்தினரும் மாறியிருக்கிறார்கள், குடும்பங்களும் பெண்களும் வெளிநாட்டவரும் வருகிறார்கள்.

எண்ணிக்கைதான் கவலை தருகிறது. நாடு முழுவதும் இன்று ஆயிரம் பேர் இருந்தாலே அதிகம். கியோட்டோவின் ஐந்து வீதிகளிலும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் பேர். இவர்களைப் படம் பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் துரத்துவதும், கிமோனோவைப் பிடித்து இழுப்பதும் தொல்லையானது. 2019-ல் கியோனின் தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று அறிவிப்பு வைத்தார்கள். 2024-ல் அந்தச் சந்துகளில் பயணிகள் நுழைவதையே தடுத்தார்கள். பகலில் வீதியில் நிதானமாக நின்று படத்துக்கு முகம் காட்டுபவர்களில் பலர் வாடகை உடையணிந்த பயணிகள்தான். உண்மையான மாய்க்கோ அந்திவேளையில் வேலைக்கு விரைந்துகொண்டிருப்பாள்.

ஷாமிசென் செய்பவர், கிமோனோ நெய்பவர், மலர் ஊசி கட்டுபவர், கொண்டை போடுபவர், விசிறி மடிப்பவர் ஆகிய அத்தனை கைவினைஞர்களுக்கும் ஹனமாச்சிதான் நிலையான வாடிக்கையாளர். இவர்கள் இல்லாமல் கெய்ஷா இல்லை; கெய்ஷா இல்லாமல் இவர்களில் பலருக்கு வேலை இல்லை. எனவே ஏப்ரல் மாத மியாகோ ஒதோரிக்கு ஒருவர் வாங்கும் நுழைவுச்சீட்டு, மேடையில் ஆடுபவரோடு சேர்த்து இந்தக் கைவினைத் தொழில்களையும் தாங்குகிறது.

(தொடரும்)